கடலுக்குள் வைத்த காது: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் நீர்மூழ்கிக் கப்பல்களின் கட்டுமானம் பற்றி எழுதியிருந்தோம். படித்த பலரும் கேட்டிருப்பது ஒன்றுதான்: கடலுக்கு அடியில் மறைந்து போகும் அந்தக் கப்பலை எதிரி எப்படிக் கண்டுபிடிக்கிறான்? இந்த இதழ் முழுக்க அதற்கே பதில்.

வானத்தில் விமானத்தைப் பிடிக்கும் ரேடாரைத் தண்ணீருக்குள் பயன்படுத்த முடியாதா? ஏன் ஒலியையே நம்புகிறார்கள்?
— பள்ளி ஆசிரியர், விருதுநகர்

முடியாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ரேடார் அலையைக் கடல் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட வானொலி அலை மட்டும் சில பத்து மீட்டர் இறங்கும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் உயரமான கோபுரங்கள் அதற்காகத்தான் நிற்கின்றன. ஆனால் அவை முழுகியிருக்கும் நம் கப்பலுக்குச் செய்தி அனுப்ப மட்டுமே உதவும், எதிரியைத் தேட உதவாது.

ஒலியின் கதை வேறு. 1826இல் ஜெனீவா ஏரியில் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர் அதன் வேகத்தை அளந்தார்கள். இரவு நேரம். ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் தொங்கிய மணியை அடித்த அதே நொடியில், மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும்படி நெம்புகோல் அமைத்திருந்தார்கள். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில் இருந்தவர், வாய் அகன்ற நீண்ட குழாயைத் தண்ணீரில் இறக்கி மறுமுனையில் காதை வைத்திருந்தார். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துப் போட்ட கணக்கு: நொடிக்கு 1,435 மீட்டர். கடல்நீரில் இது சுமார் 1,500 மீட்டர். காற்றில் ஓடுவதைப் போல நாலரை மடங்கு.

வேகத்தைவிட முக்கியமானது தூரம். 20,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பாதிச் சக்தியைத் தண்ணீரிடம் இழந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் தண்ணீர் உறிஞ்சுவது சொற்பம்தான். கீச்சுக்குரல் அருகிலேயே மடிந்துபோகும், அடித்தொண்டை உறுமல் சமுத்திரத்தைக் கடக்கும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தில் போய் நிற்கும்.

முதல் உலகப் போரில் கம்ப்யூட்டர் இல்லை, திரை இல்லை. வெறும் காதால் திசையை எப்படிச் சொன்னார்கள்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நாம் தெருவில் ஹாரன் சத்தம் எந்தப் பக்கம் என்று அறிவது போலத்தான். வலப்பக்கத்துச் சத்தம் வலக் காதுக்கு, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முன்பே வந்துவிடும். அந்த வித்தியாசத்தை மூளை திசையாக மாற்றிக்கொள்கிறது. தண்ணீரில் ஒலி நாலரை மடங்கு வேகமாகப் போவதால் வித்தியாசம் அதே அளவுக்குக் குறைந்துவிடும். முழுகிய மனிதனுக்குத் திசை குழம்புவது இதனால்தான்.

இதற்கு அமெரிக்கக் கடற்படை கண்ட வழி, காதுகளைத் தூர வைப்பது. "எஸ்.சி. குழாய்" என்ற அந்தக் கருவி தலைகீழாய் நிற்கும் டி எழுத்துப் போல இருக்கும். குறுக்குக் குழாயின் முனைக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் குமிழ். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல். இடக் குமிழிலிருந்து ஒரு குழாய் இடக் காதுக்கு, வலக் குமிழிலிருந்து இன்னொன்று வலக் காதுக்கு, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் போல. கேட்பவர் கைச்சக்கரத்தால் டி முழுவதையும் திருப்பிக்கொண்டே போவார். சத்தம் இடக் காதிலிருந்து நகர்ந்து நகர்ந்து தலைக்கு நடுவே வந்து நிற்கும் இடத்தில் கைச்சக்கரத்தின் அளவுகோல் காட்டும் பாகையைப் படிப்பார். அதுதான் திசை.

சிக்கல்களும் சேர்ந்தே வந்தன. முதலாவது, முன்னால் இருந்து வரும் சத்தமும் பின்னால் இருந்து வரும் சத்தமும் தலைக்கு நடுவேதான் கேட்கும். எது என்று தெரிய, குழாயைச் சற்றுத் திருப்பி, சத்தம் எந்தக் காதுப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தன் கப்பலின் எஞ்சின் ஓடினால் வேறெதுவும் காதில் விழாது. ஆகவே எஞ்சினை நிறுத்தி, பம்புகளை நிறுத்தி, ஆள் நடமாட்டத்தையும் நிறுத்தி, சில நிமிடம் கேட்டுவிட்டு மறுபடி கிளம்புவார்கள். நீர்மூழ்கியின் தலைவனும் முட்டாள் இல்லை. மேலே எஞ்சின் நின்றதும் அவனும் தன் மோட்டாரை நிறுத்துவான். மேலே ஓடத் தொடங்கினால் அவனும் நகருவான்.

ஒரு கப்பல் சொல்வது திசை மட்டும்தான், தூரம் தெரியாது. அதனால் 110 அடி நீள மரக் கப்பல்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து வேட்டையாடின. மூன்றும் ஒரே நேரத்தில் கேட்டு, திசைகளை வரைபடத்தில் கோடுகளாக இழுத்து, அவை வெட்டும் இடத்துக்குப் பாய்ந்தன. 1917 ஏப்ரல் மாதத்தில் மட்டும் எட்டரை லட்சம் டன்னுக்கு மேல் வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட காலம் அது. அந்த நெருக்கடியில் ரப்பர் குமிழும் காதும் ஒரு தொடக்கம், அவ்வளவே. கப்பல்களை உண்மையில் காப்பாற்றியது அவற்றைக் கூட்டமாக, காவலோடு அனுப்பிய முறை.

'பிங்' என்று ஒலி அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் வந்த பிறகு வேலை சுலபமாகியிருக்குமே?
— ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், சேலம்

தூரம் கிடைத்தது, அதுவரை யாருக்கும் கிடைக்காத வரம். பிரான்சில் போல் லாஞ்செவின், குவார்ட்ஸ் படிகத்தின் மெல்லிய வில்லைகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டி, மின்னழுத்தம் கொடுத்து அதிரவைத்தார். எதிரொலி வந்து மோதும்போது அதே படிகம் மின்சாரம் தரும். 1918இல் நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி கிடைத்தது. பிரிட்டிஷார் இதையே "ஆஸ்டிக்" என்று வளர்த்தார்கள்.

கணக்கு எளிது. அனுப்பிய ஒலி இரண்டு நொடியில் திரும்பினால் தூரம் 1,500 மீட்டர். எதிரொலியின் சுருதி உயர்ந்திருந்தால் நீர்மூழ்கி நம்மை நோக்கி வருகிறது, இறங்கியிருந்தால் விலகிப் போகிறது. 20,000 ஹெர்ட்ஸ் ஒலியில் 5 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) சுமார் 70 ஹெர்ட்ஸ் வித்தியாசம் காட்டும். பழகிய காது அதைப் பிடித்துவிடும். திமிங்கிலமா, மீன் கூட்டமா, பாறையா, கப்பலா என்று பிரித்ததும் பெரும்பாலும் இந்தச் சுருதியை வைத்துத்தான்.

ஆனால் கடைசி நிமிடத்தில் ஒரு குருட்டு இடம் இருந்தது. ஆஸ்டிக்கின் கதிர் முன்னோக்கிப் பாயும், காலடியைப் பார்க்காது. கப்பல் நீர்மூழ்கிக்குச் சுமார் 200 மீட்டர் அருகே வந்ததும் எதிரொலி நின்றுவிடும். 15 நாட்டில் போகும் கப்பலுக்கு அந்த 200 மீட்டரைக் கடக்க 26 நொடி. பின்புறமிருந்து உருட்டிவிடும் ஆழ்குண்டு நொடிக்கு 3 மீட்டர் வீதம் இறங்கும், 60 மீட்டர் ஆழம் போக 20 நொடி. ஆக 46 நொடி எதிரி எங்கே என்று தெரியாது. 4 நாட்டில் திரும்பும் நீர்மூழ்கி அதற்குள் 90 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். குண்டோ 6–7 மீட்டருக்குள் வெடித்தால்தான் அதன் உடலைப் பிளக்கும். போதாததற்கு, வெடித்த இடத்தில் நீர் கலங்கிக் குமிழ் மண்டி, நெடுநேரம் எந்த எதிரொலியும் நம்பத் தகுந்ததாக இருக்காது. தப்பிக்க அதுவே நல்ல நேரம்.

இரண்டாம் உலகப் போரில் இதற்கு இரண்டு மருந்து கண்டார்கள். ஒன்று "ஹெட்ஜ்ஹாக்": 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் 200 மீட்டர் வாக்கில் வட்டமாக எறியும் கருவி. எதிரொலி அறுபடும் முன்பே எறியலாம். எதன் மீதாவது பட்டால்தான் வெடிக்கும், தவறினால் நீர் கலங்காது, மறுபடி முயலலாம். பிரிட்டிஷ் கடற்படைக் கணக்கில் ஆழ்குண்டுத் தாக்குதல் அறுபதுக்கு ஒன்று பலித்தது, ஹெட்ஜ்ஹாக் ஆறுக்கு ஒன்று.

இன்னொன்று கேப்டன் ஃப்ரெடரிக் ஜான் வாக்கரின் "ஊர்ந்து தாக்கும்" முறை. நீர்மூழ்கிக்குள் இருப்பவர்களுக்கு ஆஸ்டிக்கின் ஒலி நன்றாகவே கேட்கும். எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை வைத்து கப்பல் நெருங்குவதை அறிந்துகொள்வார்கள். வாக்கர் ஒரு கப்பலை ஒரு கிலோமீட்டர் பின்னால் நிறுத்தி, ஆஸ்டிக் ஒலியை ஒரே சீராக அனுப்பச் சொன்னார். இன்னொரு கப்பல் தன் ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு 5 நாட்டில் மெல்ல ஊர்ந்து, பின்கப்பல் வழிகாட்ட, நீர்மூழ்கியின் தலைக்கு மேலே போகும். சமிக்ஞை கிடைத்ததும் இருபதுக்கும் மேற்பட்ட ஆழ்குண்டுகள் வரிசையாக விழும். கீழே இருப்பவர்களுக்கு ஒலி தூரத்திலேயே கேட்டுக்கொண்டிருந்ததால் முன்கூட்டி எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஒலி அனுப்புகிறவன் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறான். ஒலி போய், பட்டுச் சிதறி, திரும்பி வர வேண்டும். எதிரியின் காதுக்கோ ஒரு வழிப் பயணம்தான். நமக்கு எதிரொலி கிடைக்கும் தூரத்தைவிடப் பல மடங்கு தூரத்தில் அவன் நம்மைக் கேட்டுவிடுவான். அதனால்தான் இன்றும் நீர்மூழ்கிகள் கூடியவரை வாய் திறப்பதில்லை, கேட்கவே செய்கின்றன.

மதியத்துக்கு மேல் சோனார் சரியாக வேலை செய்யாது என்று கடற்படையில் இருந்த உறவினர் சொன்னார். இயந்திரத்துக்கு ஏது காலை, மாலை?
— வாசகர், ராமேஸ்வரம்

அவர் சொன்னது சரி. இயந்திரத்தில் கோளாறு இல்லை, தண்ணீர்தான் மாறிவிடுகிறது.

1930களில் அமெரிக்கக் கடற்படைக்கு இதே குழப்பம். காலையில் நன்றாக எதிரொலி தந்த கருவி பிற்பகலில் பக்கத்தில் இருக்கும் நீர்மூழ்கியையே தவறவிடும். இயக்குபவர்கள் சாப்பிட்டுவிட்டு அசந்துபோகிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். காரணம் வெயில். காற்றில்லாத நாளில் மேலே உள்ள சில மீட்டர் தண்ணீர் சூடேறும். வெப்பம் ஒரு பாகை கூடினால் ஒலி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் கூடும். ஒலிக்கு ஒரு குணம்: எங்கே வேகம் குறைவோ அந்தப் பக்கம் வளையும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி என்றால் கதிர் கீழே வளைந்து இறங்கிவிடும். சற்றுத் தொலைவில், மேல்மட்டத்தில் ஒலியே எட்டாத நிழல் உருவாகும். அந்த நிழலில் இருக்கும் நீர்மூழ்கி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கேட்காது.

இதை அளக்க அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் 1930களின் இறுதியில் உருவாக்கிய "பேத்தி தெர்மோகிராஃப்" இப்படி வேலை செய்யும்: விரல் நீளக் கண்ணாடித் தகடு ஒன்றில் மெல்லிய பூச்சு இருக்கும். கருவியைக் கம்பியில் கட்டி ஓடும் கப்பலிலிருந்தே கடலில் விடுவார்கள். ஆழம் கூடக் கூட, அழுத்தத்தால் சுருங்கும் துருத்தி தகட்டை நகர்த்தும். வெப்பம் மாற மாற, திரவம் நிரம்பிய குழாய் ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கும். மேலே இழுத்தெடுத்தால் கண்ணாடியில் ஆழத்துக்கு எதிராக வெப்பம் ஒரு கீறலாக வரையப்பட்டிருக்கும். அந்தக் கீறல் நேராக இறங்கி, ஒரு ஆழத்தில் சட்டென்று குளிர்ப் பக்கம் மடங்கினால் அங்கேதான் சூடும் குளிர்ச்சியும் பிரியும் வெப்ப அடுக்கு. வேட்டையாடுபவன் "அடுக்குக்குக் கீழே என் கதிர் போகாது" என்று அறிவான். நீர்மூழ்கியும் அதே கருவியை வைத்துக்கொண்டு "அடுக்குக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்" என்று முடிவெடுக்கும்.

நம் வங்காள விரிகுடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற ஆறுகள் கொட்டும் நல்ல தண்ணீர் வடக்கே கடலின் மேல் மிதந்து கிடக்கும். குளிர்காலத்தில் மேலே உள்ள அந்தத் தண்ணீர் குளிர்ந்தாலும், உப்புக் குறைவால் லேசாக இருப்பதால் கீழே இறங்காது. ஆக மேலே குளிர்ச்சி, அடியில் வெதுவெதுப்பு! அட்லாண்டிக்கில் கற்ற பாடம் இங்கே தலைகீழாகிவிடும். எந்தக் கடலில் ஓடுகிறோமோ அந்தக் கடலை அந்தந்தப் பருவத்தில் அளந்தே தீர வேண்டும்.

பனிப்போர் காலத்தில் அமெரிக்கா கடலடியில் கேபிள் போட்டு ரஷ்ய நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்டதாமே? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு கேட்குமா?
— பொறியாளர், ஓசூர்

கேட்கும். கடலிலேயே அதற்கு ஒரு குழாய் இருக்கிறது.

மேலிருந்து இறங்க இறங்கக் குளிர்ச்சியால் ஒலி வேகம் குறையும். ஒரு ஆழத்துக்குக் கீழே வெப்பம் மாறாது, அழுத்தம் மட்டும் ஏறும், வேகம் மறுபடி கூடும். நடுவே வேகம் மிகக் குறைந்த ஒரு மட்டம். மித வெப்பக் கடல்களில் அது சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும், துருவம் நோக்கிப் போகப் போக மேலே ஏறும். அந்த மட்டத்தில் கிளம்பிய ஒலி மேலே போனால் கீழே வளையும், கீழே போனால் மேலே வளையும். தரையிலும் மோதாது, மேற்பரப்பிலும் மோதாது, தேயாமல் ஓடும். 1944இல் மாரிஸ் ஈவிங், லாமர் வோர்சல் இருவரும் இதைக் கடலில் வெடி வைத்து நிரூபித்தார்கள். ரஷ்யாவில் லியோனிட் பிரெக்கோவ்ஸ்கிக் தனியாக இதையே கண்டறிந்தார். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே வெடித்த 300 ராத்தல் குண்டின் ஓசை, உலகின் மறுபக்கம் பெர்முடாவில், கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர் தாண்டி, மூன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கேட்டது.

இந்தக் குழாயில் காதை வைப்பதுதான் "சோசஸ்". 1952 தொடக்கத்தில் பஹாமாஸ் தீவுகளின் எலூத்ராவில், 1,000 அடி நீளத்துக்கு 40 ஹைட்ரோஃபோன்களை (தண்ணீருக்குள் கேட்கும் மைக்குகளை) 440 மீட்டர் ஆழத்தில் வரிசையாகக் கிடத்திச் சோதித்தார்கள். ஏன் நாற்பது? வரிசைக்குச் செங்குத்தான திசையிலிருந்து 30 பாகை சாய்வாக வரும் ஒலி அடுத்தடுத்த ஹைட்ரோஃபோனைச் சுமார் இரண்டரை மில்லி நொடி தாமதித்து அடையும். அந்தத் தாமதத்தை மின்சுற்றில் ஈடுகட்டிக் கூட்டினால் அந்தத் திசை ஒலி மட்டும் நாற்பது மடங்கு எழும், மற்றத் திசைச் சத்தம் ஒன்றையொன்று கலைத்துக்கொள்ளும். வரிசையை அசைக்காமலே, தாமதத்தை மாற்றி மாற்றி எல்லாத் திசையும் பார்க்கலாம்.

கரையில் காதால் கேட்பவர் யாரும் இல்லை. சுழலும் உருளையில் காகிதம், அதன் குறுக்கே ஓடும் ஊசி. எந்த அதிர்வெண்ணில் ஒலி வலுவாக இருக்கிறதோ அங்கே ஊசி மின்பொறியால் காகிதத்தைக் கருக்கும். கடலின் பொதுச் சத்தம் சாம்பல் தூசி போல் பரவிக் கிடக்கும். கப்பலின் எஞ்சின் சீராக ஓடுவதால் ஒரே இடத்தில் கருகி, கருகி, செங்குத்துக் கோடாகும். மணிக்கணக்கில் அந்தக் காகிதத்தை முறைத்துப் பார்த்துக் கோடுகளை அடையாளம் காண்பதே பணி.

கோட்டைப் படிப்பது இப்படி: 10, 20, 30 ஹெர்ட்ஸில் சம இடைவெளியில் கோடுகள் நின்றால், அது கப்பலைத் தள்ளும் சுழலியின் (புரொப்பல்லர்) இதழ்கள் நீரை அடிக்கும் அடி. தனியாக 2 ஹெர்ட்ஸில் மங்கலாக ஒன்று தெரிந்தால் அது சுழல்தண்டு, அதாவது நிமிடத்துக்கு 120 சுற்று. பத்தை இரண்டால் வகுத்தால் ஐந்து: ஐந்து இதழ்ச் சுழலி. கூடவே 50 ஹெர்ட்ஸில் கோடு இருந்தால் சோவியத் கப்பலின் மின்னாக்கி, 60 என்றால் அமெரிக்கக் கப்பல். கோடு லேசாக இடமோ வலமோ சாய்ந்தால் கப்பல் வேகத்தையோ திசையையோ மாற்றுகிறது. 1962 ஜூலை 6 அன்று, பார்படோஸ் தீவு நிலையம், கிரீன்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடைப்பட்ட கடல்வழியே அட்லாண்டிக்குக்குள் நுழைந்த சோவியத் அணு நீர்மூழ்கியை இந்தக் கோடுகளில் கண்டது.

1968 மே 22 அன்று அமெரிக்காவின் ஸ்கார்ப்பியன் நீர்மூழ்கி 99 பேரோடு காணாமல் போனபோதும் தூரத்து ஹைட்ரோஃபோன் பதிவுகள்தான் வழி காட்டின. வெவ்வேறு இடங்களில் அதே ஓசை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்துத் தேடும் பரப்பைச் சுருக்கினார்கள். அக்டோபர் இறுதியில் அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில், மைசார் என்ற கப்பல் இழுத்துச் சென்ற கேமராவில் சிதைவுகள் தெரிந்தன. கப்பல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமலே அந்த 99 பேரின் குடும்பங்கள் அதுவரை ஐந்து மாதத்தைக் கழித்திருந்தன.

அப்படியானால் ரஷ்யர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்?
— அதே ஓசூர் வாசகர்

தங்கள் கப்பல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது அவர்களுக்கு நெடுங்காலம் தெரியவில்லை. அமெரிக்கக் கடற்படையில் இருந்தபோது தொடங்கி, அதிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும், 1985இல் பிடிபடும் வரை பதினேழு ஆண்டுக்கு மேல் ரகசியம் விற்ற ஜான் வாக்கர் (மேலே சொன்ன கேப்டன் வாக்கருக்கும் இவருக்கும் தொடர்பில்லை) மூலம் அது போய்ச் சேர்ந்தது. ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனமும் நார்வேயின் காங்ஸ்பெர்க்கும் மேற்கு நாடுகளின் ஏற்றுமதித் தடையை மீறி, பெரிய சுழலிகளைத் துல்லியமாகக் கடையும் இயந்திரங்களையும் அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் லெனின்கிராட் கப்பல் தளத்துக்கு விற்றது 1987இல் வெளியானது. சுழலி இதழின் மேடுபள்ளம் குறைந்தால், வேகமாகச் சுற்றும்போது நீர் குமிழ் குமிழாகக் கொதித்து வெடிக்கும் இரைச்சல் தள்ளிப்போகும்.

சத்தத்தை அடக்க மற்ற வழிகள்: எஞ்சினையும் மின்னாக்கியையும் நேரே உடலில் பொருத்தாமல் ரப்பர் தாங்கிகளின் மேல் மிதக்கும் மேடையில் ஏற்றுவது, வெளியே ரப்பர் ஓடு ஒட்டுவது. இரண்டாவதை ஜெர்மானியர் 1944இலேயே யு-480 கப்பலில் செய்தார்கள். நுண்துளைகள் கொண்ட 4 மில்லிமீட்டர் ரப்பர். எதிரொலியை அது நன்றாகவே அடக்கியது. தொடக்கச் சோதனைகளில் தோற்றது பசை. கடலில் ஓட ஓட ஓடுகள் பெயர்ந்து, தொங்கிப் படபடத்து, தாமே சத்தம் போட்டன.

பேட்டரியில் மெல்ல ஓடும் டீசல் நீர்மூழ்கிதான் இன்றும் மிக அமைதியானது. அணு உலைக்குக் குளிர்விக்கும் பம்பு பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பேட்டரி தீர்ந்ததும் டீசல் கப்பல் மேல்மட்டத்துக்கு வந்து எஞ்சினை ஓட்டியாக வேண்டும். வேட்டைக்காரன் காத்திருப்பது அதற்குத்தான்.

மீன்களும் திமிங்கிலங்களும் இடைஞ்சல் செய்யாதா?
— மீனவர் குடும்பத்து இளைஞர், தூத்துக்குடி

செய்யும். 1942இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடா வாயிலில் துறைமுகக் காவலுக்கு வைத்த ஹைட்ரோஃபோன்கள், வசந்தகாலத்தில் கத்தாழை மீன் இனத்தைச் சேர்ந்த மீன்கள் கூட்டமாக வந்ததும் பயனற்றுப் போயின. சாலையை உடைக்கும் டிரில்லர் போன்ற இரைச்சல்! அந்த மீன்கள் காற்றுப் பையைத் தசையால் அடித்து முழங்குவதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் பாறை, பவளம் இருக்கும் இடமெல்லாம் ஒருவகைச் சிறு இறால் கொடுக்கைச் சொடுக்கிக் குமிழை வெடிக்கவைக்கும். எண்ணெயில் கடுகு பொரிவது போல இடைவிடாமல் கேட்கும்.

சோசஸ் காகிதத்தில் 20 ஹெர்ட்ஸில் சீராகத் துடித்த ஒரு ஒலியை இயந்திரம் என்றே பலர் நினைத்தார்கள், "ஜெசபெல் பூதம்" என்று பெயரும் வைத்தார்கள். 1960களில்தான் அது துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் என்று உறுதியானது. பனிப்போர் முடிந்து 1990களில் அந்தக் காதுகள் விஞ்ஞானிகளுக்குத் திறந்தபோது, ஒரே நீலத் திமிங்கிலத்தை 43 நாள் தொடர்ந்து கேட்க முடிந்தது.

ஒலி அனுப்பாமல், கேட்டு மட்டும் தூரம் சொல்ல முடியுமா?
— கணிதப் பட்டதாரி, கும்பகோணம்

முடியும். அமெரிக்க நீர்மூழ்கி அதிகாரி ஜான் எக்கெலண்ட் 1950களின் இறுதியில் எழுதிய முறை இது. எதிரி நேராக, ஒரே வேகத்தில் போவதாகக் கொள்க. அவன் இருக்கும் திசைக் கோட்டுக்குக் குறுக்காக வலப்பக்கம் 6 நாட் வேகத்தில் சில நிமிடம் ஓடி, திசை நிமிடத்துக்கு எத்தனை பாகை மாறுகிறது என்று குறியுங்கள். பிறகு திரும்பி இடப்பக்கம் 6 நாட்டில் ஓடி அதையே குறியுங்கள். இரண்டு மாற்று வீதங்களுக்கும் வித்தியாசம் நிமிடத்துக்கு 3 பாகை என்று வைப்போம், அதாவது 0.0524 ரேடியன். உங்கள் குறுக்கு வேக வித்தியாசம் 12 நாட், நிமிடத்துக்கு 370 மீட்டர். 370ஐ 0.0524ஆல் வகுத்தால் சுமார் 7 கிலோமீட்டர். கழிக்கும்போது எதிரியின் வேகம் தானாகவே அடிபட்டுப் போவதுதான் இதன் அழகு.

பிசகும் இடம்: நீங்கள் திரும்பும் நேரத்தில் எதிரியும் திரும்பினால் விடை முற்றிலும் பொய். எதிரி தூரத்தில் இருந்தால் திசை மாற்றம் மிகச் சிறிதாகி, கால் பாகைப் பிழைகூட விடையைப் பல கிலோமீட்டர் தள்ளிவிடும்.

எங்கள் ஊர்க் கடற்படை விமானங்கள் கடலில் எதையோ போட்டுக் கேட்கின்றன என்கிறார்களே?
— மாணவர், அரக்கோணம்

சோனோபாய். உங்கள் ஊர் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் 2017 மார்ச் வரை டி.யு.-142 விமானங்கள் இருந்தன. 2013 முதல் "பி-8ஐ" என்ற விமானங்கள் இருக்கின்றன. சோனோபாய் என்பது 91 செ.மீ. நீளம், 12.4 செ.மீ. விட்டமுள்ள குழாய். விமானத்திலிருந்து விழுந்ததும் சிறு பாராசூட் விரியும். கடல்நீர் பட்டதும் பேட்டரி உயிர் பெறும், மிதவை ஊதி ஆண்டெனா மேலே நிற்கும், ஹைட்ரோஃபோன் கம்பியில் தொங்கிக்கொண்டு முன்பே குறித்த ஆழத்துக்கு இறங்கும். சில மணி நேரம் ஒலியை வானொலியில் அனுப்பிவிட்டுத் தானே மூழ்கிவிடும். ஆழம் தவறாகக் குறித்தால் அத்தனையும் வீண். மேலே சொன்ன வெப்ப அடுக்குக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போடுவது அதனால்தான்.

இந்தத் துறையில் தமிழர் யாராவது உண்டா?
— இல்லத்தரசி, கோயம்புத்தூர்

உங்கள் பக்கத்து ஊரான பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி, டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். நம் கப்பல்களில் இருந்த பழைய பிரிட்டிஷ் சோனாரின் போதாமை அன்று வெட்டவெளிச்சமானது. கடற்படை அதிகாரியான பால்ராஜ் முதலில் அந்த 170பி சோனாரைச் சீர்செய்தார். பிறகு கொச்சியில் குழு அமைத்து "அப்சோ" என்ற புதிய சோனாரையே உருவாக்கினார். பல ஹைட்ரோஃபோன்களில் விழும் கலவை ஒலியைத் திசைவாரியாகப் பிரிக்கும் அதே கணிதம், பின்னாளில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், பல ஆண்டெனாக்களால் ஒரே நேரத்தில் பல தகவல் ஓடைகளை அனுப்பும் அவருடைய "மைமோ" கண்டுபிடிப்புக்கு வழிவிட்டது. வைஃபையிலும் 4ஜி செல்பேசியிலும் இருப்பது அதுதான். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

வீட்டில் ஹைட்ரோஃபோன் செய்ய முடியுமா? செல்போனில் பதிவு செய்ய ஆசை.
— பாலிடெக்னிக் மாணவர், நாகப்பட்டினம்

தாராளமாக. தேவையானவை: பஸரில் வரும் 27 மி.மீ. பீசோ வில்லை ஒன்று, 10 மீட்டர் மெல்லிய கோஆக்சியல் கேபிள், எபாக்ஸி, ஒரு ஜே-ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர், 2என்5457 போதும்), 1 மெகா ஓம், 4.7 கிலோ ஓம் மின்தடைகள், 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, 9 வோல்ட் பேட்டரி.

கேபிளின் நடுக்கம்பியை வில்லையின் வெள்ளை மையத்திலும், வலைக்கம்பியைப் பித்தளை விளிம்பிலும் பற்றவையுங்கள். மையத்தில் சூட்டுக்கோல் இரண்டு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் வெள்ளிப்பூச்சு உரிந்துவிடும். கேபிள் உறையின் கடைசி 3 செ.மீ.யை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அதையும் சேர்த்து எபாக்ஸிக்குள் மூழ்க வையுங்கள். பெரும்பாலானவை கெட்டுப்போவது இங்கேதான்: வழவழப்பான உறையில் எபாக்ஸி பிடிக்காது, தண்ணீர் அந்த இடுக்கில் நுழைந்து வலைக்கம்பி வழியே திரி போல ஏறிவிடும். எபாக்ஸியை மெதுவாகக் கலந்து ஊற்றுங்கள். உள்ளே காற்றுக்குமிழ் சிக்கினால் அது ஒலியைத் திருப்பி அடிக்கும்.

அடுத்து, நேரே செல்போனில் செருகாதீர்கள். வில்லையின் மின்தேக்கம் சுமார் 20 நானோ ஃபாரட், செல்போன் மைக் நுழைவாயின் மின்தடை 2 கிலோ ஓம் அளவு. இரண்டும் சேர்ந்து 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடும். அதாவது படகின் சத்தம் முழுக்கப் போய்விடும். ஜே-ஃபெட்டின் கேட் முனையிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம் போட்டால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கேட்டில் கேபிளின் நடுக்கம்பி, டிரெயினில் 9 வோல்ட், சோர்ஸிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம். சோர்ஸிலிருந்து மின்தேக்கி வழியாக வெளியே எடுங்கள். செல்போனைவிட 10 கிலோ ஓம் உள்ள ரெக்கார்டர் நுழைவாய் கிடைத்தால் நல்லது. சுற்றை ஒரு தகர டப்பாவில் வைத்து டப்பாவைத் தரையோடு இணையுங்கள், இல்லையேல் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறும்.

முதலில் வாளித் தண்ணீரில் சொட்டு விழவிட்டுப் பாருங்கள். ஒரு இரவு ஊறவைத்து, காலையில், கேபிளைச் சுற்றோடு இணைக்காமல், மல்டிமீட்டரால் அதன் நடுக்கம்பிக்கும் வலைக்கம்பிக்கும் இடையே மின்தடை பாருங்கள். மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மோட்டார் இறக்கிய கிணற்றில் சோதிக்க வேண்டாம். துறைமுக வாய்க்காலில் இறக்கும்போது கேபிளை நேரே கட்டாமல் ஒரு முழம் ரப்பர் பட்டையில் தொங்கவிடுங்கள். நீரோட்டம் கேபிளை வீணைத் தந்தி போல மீட்டுவதை அது தடுக்கும்.

பதிவை "அவுடாசிட்டி" என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றி, சாளர அளவை 32,768 என்று வையுங்கள். 44,100 மாதிரி வீதத்தில் அது 1.35 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். ஒரு விசைப்படகு கடந்து போகும் நேரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் சம இடைவெளியில் கோடுகள் அடுக்கடுக்காக நிற்கும். அந்த இடைவெளியைச் சுழல்தண்டின் ஹெர்ட்ஸால் வகுத்து, படகுக்காரரிடம் போய் அவர் படகின் சுழலிக்கு எத்தனை இதழ் என்று கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.